நாலு வேளைக்கும் முன்பணம்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது சிவதாணு அத்தானின் பெல்ட்.

வழக்கமான துளையில் இல்லை. இரண்டு துளை தளர்த்தி மாட்டியிருந்தார். வருஷக்கணக்காகக் கொக்கி உட்கார்ந்து தழும்பேறிய பழைய துளை, கேட் விளக்கு வெளிச்சத்தில் தனியாகத் தெரிந்தது.

அடுத்துப் பார்த்தது என் அக்காவின் ஷூ. புதிது. லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள்.

ஒரே வண்டியில் ஒரே இடத்துக்குப் போகிற கணவன் மனைவி. ஒருவர் சாப்பிடத் தயாராகி வந்திருக்கிறார். இன்னொருவர் பறக்கத் தயாராகி வந்திருக்கிறார். பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு இது போதாதா? வண்டியில் ஏறுவதற்கு முன்பே எனக்கு இந்த வாரத்துக்கான பத்தி கிடைத்துவிட்டது.

அத்தானையும் அக்காவையும் இதற்கு முன் இங்கே சந்திக்காதவர்களுக்காக ஒரு வரி. பாறசாலைப் பக்கம் கொல்லயில் என்ற ஊரில், என் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்கள். அத்தான் ட்ரஷரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா சந்திரிகா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் கணக்குப் போடுகிறவர் அத்தான். சரிபார்க்கிறவள் அக்கா. சரிபார்த்ததை அவள் வெளியே சொல்வதில்லை. நாற்பது வருஷக் குடும்ப அமைதிக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

போன இடம் ஒரு தீம் பார்க். ஊருக்கு வடக்கே இரண்டு மணி நேரம். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பீர்கள்... அல்லது அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு வாரம் முன்பு, அத்தான் வீட்டு சிட்-அவுட்டில். நானும் பக்கத்து வீட்டு வில்சனும் மாலைச் சாயாவுக்குப் போயிருந்தோம். வில்சன் பாறசாலை ரோட்டில் ஹாலோ பிரிக்ஸ் கம்பெனி வைத்திருக்கிறான். அவன் மனைவி கிறிஸ்டல் காரக்கோணத்தில் மருந்துக்கடை நடத்துகிறாள். ஞாயிறு சர்ச், மற்ற நாள் வியாபாரம் என்று இருக்கிற குடும்பம். வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் ஐந்து பேரும் அவன் வண்டியில் எங்கேயாவது போய்வருவது வழக்கம்.

"மக்கா, இத ஒண்ணு சத்தமா வாசி," என்று அத்தான் போனை நீட்டினார்.

பார்க்கின் சாப்பாட்டு பிளான். காலை, மதியம், சாயா நேரம், ராத்திரி — நாலு வேளை. பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். திருப்பிக் கிடையாது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ஸ்லாட். நேரம் கழிந்தால் கழிந்ததுதான். ஒருவர் பெயரில் இன்னொருவர் சாப்பிட முடியாது. வெளிச் சாப்பாடு கேட்டைத் தாண்டாது.

"தின்னதுக்கு முன்ன பைசாவா?" என்றார் அத்தான். "அதென்ன, ஹாஸ்டலா?"

நான் கடைசி வரியை வாசித்தேன். அளவு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அத்தான் சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசி."

மனிதன் மனம் மாறுகிற கணத்தை நேரில் பார்ப்பது அபூர்வம். எனக்கு அன்று கிடைத்தது.

அத்தான் எதையும் ரூபாயில் யோசிப்பதில்லை. ட்ரஷரியில் மற்றவர்களுடைய ரூபாயைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அவருடைய நாணயம் தோசை. ஸ்கூட்டர் சர்வீஸ் இத்தனை தோசை, கரண்ட் பில் இத்தனை தோசை. கண்ணை மூடி, உதட்டை அசைத்து, பிளானைத் தோசையாக மாற்றினார்.

"ஆளுக்கு இருவத்திரெண்டு தோசை தின்னா மொதல் வரும். அதுக்கு மேல தின்னுகது எல்லாம் லாபமாக்கும்."

"ஒரு நாளைக்கா சாரே?" என்றான் வில்சன்.

"நாலு வேளைக்கு."

"அப்பம் ஆஸ்பத்திரி பிளானும் சேத்து எடுக்கணுமே."

அத்தானுக்கு இன்னொரு குறையும் இருந்தது. அவர் சைவம். பிளானில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் ஒரே கட்டணம். "மீனும் எறைச்சியும் தின்னுகவனுக்கும் எனக்கும் ஒரே பைசாவா? இது என்ன நியாயம்?"

"ஒங்க பங்கு எறைச்சியையும் சேத்து நான் தின்னாப் போச்சு. நஷ்டம் வராம பாத்துக்கிடலாம் சாரே."

"கேலி பண்ணி என்னக் களியாக்காதே வில்சா," என்றார் அத்தான். பிறகு தான் கண்டுபிடித்த பெரிய விஷயத்தைச் சொன்னார். "நாம அடுத்த மாசம் போலாம். அடுத்த மாசம் டீச்சருக்கு அறுவது ஆயிரும். அறுவது ஆனா டிக்கெட்லயும் கொறவு உண்டு, சாப்பாட்டுலயும் கொறவு உண்டு."

அக்கா அதுவரை சமையலுக்குப் பயற்றங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கினாள். விரலால் தள்ளித் தள்ளி வேறொரு பக்கத்துக்குப் போனாள். எங்கள் முன் வைத்தாள்.

ரோலர் கோஸ்டர். மேலே ஏறி, உச்சியில் வளைந்து, சரிந்து இறங்குகிற தண்டவாளம். படத்துக்குக் கீழே ஒரு வரி. அறுபது வயதானவர்களுக்கு அனுமதி இல்லை.

"அடுத்த மாசம்னா நான் வரல்ல," என்றாள்.

"டீ, இதுக்காகவா?"

"முப்பது வருஷமா இந்த வளைவ போர்டுல வரைஞ்சேன். பிள்ளைகள்கிட்ட உச்சி எங்க, இறக்கம் எங்கன்னு கேட்டேன். ஒரு நாளாவது மேல ஏறிப் பாக்கணும்."

அக்கா ஒரு விஷயத்துக்கு இரண்டு காரணம் சொல்லமாட்டாள். ஒன்று போதும் என்று நினைக்கிறவள்.

ஒரு பக்கம் சீனியர் சிட்டிசன் சலுகை. இன்னொரு பக்கம் ரோலர் கோஸ்டர். இரண்டையும் பிரிக்கிறது ஒரு பிறந்தநாள். அத்தான் கொஞ்ச நேரம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. இந்த மாசமே போலாம். ஆனா பிளான் எடுக்கணும். கொறவுதான் போச்சு... சாப்பாட்டுலயாவது பிடிக்கணும்."

"எடுங்க," என்றாள் அக்கா. யோசிக்காமல், உடனே. அது எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. பட்டதோடு சரி. அடுத்த சாயா வந்துவிட்டது.

மேலே போவதற்கு முன், எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மதியம் நடந்தது புரியாது.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் எந்தக் கல்யாண மண்டபத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். சைவக் கல்யாணமா, சர்ச் கல்யாணமா — வித்தியாசம் கிடையாது. மேடையில் மாலை மாற்றும்போது கூட்டத்தில் பாதி, சாப்பாட்டு ஹால் ஷட்டர் முன்னால் நிற்கும். முதல் பந்தியில் இடம் கிடைத்தவன் உட்காருவான். கிடைக்காதவன்? உட்கார்ந்திருக்கிறவனின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான்.

எந்தக் கல்யாணத்திலும் யாரும் இதைத் தப்பாக எடுப்பதில்லை. பிடித்துவிட்டால் அந்த நாற்காலி அடுத்து உங்களுடையது. உங்கள் வேலை, உட்கார்ந்திருப்பவரின் இலையைத் தோளுக்கு மேலாக வாசிப்பது. சாம்பாரில் இருக்கிறாரா, நேரமிருக்கிறது. போளி விழுந்து அதன் மேல் பாயசம் விழுந்ததா, தயாராகலாம். கையைக் குவித்து மோர் வாங்குகிறாரா... ஒரு காலை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்கள் இதை அநாகரிகம் என்பார்கள். எங்களுக்கு இது க்யூ. அவ்வளவுதான்.

சரி, பார்க்குக்கு வருவோம்.

எட்டு மணிக்கு உள்ளே போனோம். வாசலில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு காகிதப் பட்டையை ஒட்டினார்கள். அதில் நாலு கட்டம். வேளைக்கு ஒன்று. சாப்பாட்டு ஹாலில் தட்டு கொடுக்கிற மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் துளை போடுகிற கருவி. கையை நீட்டினால் கட்டத்தில் ஒரு துளை, பிறகு தட்டு.

அத்தான் அந்த மேஜையைக் கவனிக்கவே இல்லை. நேராகப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, பரிமாறுகிறவர் வருவார் என்று காத்திருந்தார். ஒரு பணியாள் வந்தார். தண்ணீர் ஜக்கை வைத்துவிட்டு, "சாரே, செல்ஃப் சர்வீஸ் ஆணு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பம் தட்டத் தூக்கிட்டு நான் போய் கை நீட்டி நிக்கணுமா?" என்றார் அத்தான், பொதுவாக எல்லோரையும் பார்த்து.

"நீட்டணும்," என்றாள் அக்கா. "எல்லாரும் போயிட்டு வாங்க. நான் எடம் பாத்துக்கிடுதேன்."

போனோம். துளை, தட்டு, தோசை.

அத்தான் அன்று காலை சாப்பிட்டதைப் பட்டியல் போடமாட்டேன். இந்தப் பத்தியை அவர் வாசிப்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன். வீட்டில் உப்புமா என்றால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிற மனிதர், அங்கே உப்புமாவை இரண்டாம் தடவை வாங்கினார். முன்பணம் கட்டியவனுக்கு நாக்கு வேலை செய்வதில்லை. கணக்குதான் மெல்லுகிறது.

வில்சன் அப்பமும் முட்டைக் கறியும் என்று ஆரம்பித்து, சாருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். அக்கா தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே, மரங்களுக்கு மேலே, தண்டவாளத்தின் உச்சி தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் ஒரு கட்டத்தில்.

"பத்து மணி வரைக்கும் உண்டு."

"பத்து மணி வரைக்கும் உண்டுன்னா, பத்து மணி வரைக்கும் உக்காரணுமா?"

"பைசா பத்து மணி வரைக்குமாக்கும் கொடுத்திருக்கு."

பத்து மணிக்கு எழுந்தோம். அதற்குள் ரோலர் கோஸ்டர் முன்னால் க்யூ பாம்பு மாதிரி வளைந்து, ஐஸ்கிரீம் கடையைச் சுற்றி நின்றிருந்தது.

வாசலில் ஒரு பெரிய போர்டு. இருதய நோய் உள்ளவர்கள் வேண்டாம். இத்தனை உயரத்துக்குக் குறைந்தவர்கள் வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஏற வேண்டாம். அறுபது வயதானவர்களுக்கு அனுமதி இல்லை.

அத்தான் அந்த போர்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு மறுபடியும் கடைசி வரியை மட்டும் வாசித்தார். அவருக்கு அறுபத்து மூன்று.

"எனக்கு இதொண்ணும் பிடிக்காது," என்றார்.

யாரும் அவரைக் கேட்கவில்லை.

வில்சன் மூன்றாவது வரியைக் காட்டி, தன் வயிற்றைத் தடவி, விலகிக்கொண்டான். நானும் விலகிக்கொண்டேன். காரணம் கேட்காதீர்கள்... பார்வையாளன் களத்தில் இறங்கக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு மரபு உண்டு. அக்காவும் கிறிஸ்டலும் க்யூவில் நின்றார்கள். கிறிஸ்டல் காலையில் ஒரு பழத்துண்டு மட்டும் சாப்பிட்டிருந்தாள். மருந்துக்கடைக்காரி, வயிற்றைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நிழலில் நின்றோம். க்யூ மெதுவாக நகர்ந்தது. கடைசியில் வாசலில் நின்ற பையன் அக்காவின் நரைமுடியைப் பார்த்தான். வயது கேட்டான். அக்கா ஆதார் அட்டையைக் கைப்பையில் மேலாகவே வைத்திருந்தாள்.

அவன் கூட்டிக் கழித்துப் பார்த்தான். "அடுத்த மாசம் அறுபது ஆகுமல்லோ, அம்மே."

"இன்னைக்கு ஆகல்லல்லோ, மோனே," என்றாள் அக்கா.

அவன் சிரித்துவிட்டு விலகி நின்றான். அக்காவுக்கு முன்னால் ஒரே ஒரு வண்டிக் கூட்டம்தான். அது போய்த் திரும்பினால் அடுத்தது அவள்.

அப்போதுதான் இடித்தது.

ஐப்பசி மாசம் எங்கள் பக்கம் மதியத்தோடு வானம் இருண்டுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அக்கா காலையிலேயே ஏற நினைத்தாள். மின்னல் வந்தால் இரும்புத் தண்டவாளத்தில் வண்டி ஓட்ட மாட்டார்கள். பையன் சங்கிலியைப் போட்டான். இடி நின்றால் திறப்போம், இல்லாவிட்டால் இன்றைக்கு அவ்வளவுதான் என்றான்.

அக்கா எங்களிடம் திரும்பி வந்தாள். அத்தானைத் திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அத்தான் வாட்சைப் பார்த்தார். "பாத்தியா, தெய்வமாப் பாத்து மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்தியிருக்கு."

வில்சன் என் காதில் சொன்னான். "எலே, சாருக்கு இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வெளியதான் படுக்கை."

மழை பெய்தால் பார்க்கில் கூட்டம் எங்கே போகும்? எல்லாம் சாப்பாட்டு ஹாலுக்கு வந்துவிட்டது. ஒரு நாற்காலி காலி இல்லை. மதிய ஸ்லாட் இரண்டரை மணிக்கு முடியும். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் செய்வதறியாமல் நின்றார்கள்.

அத்தானின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த பாடம்.

"வில்சா, நீ அந்தத் தூணுக்குப் பக்கத்துல நில்லு. மக்கா, நீ என்கூட வா. டீச்சரும் கிறிஸ்டலும் ஜன்னல் ஓரம். ஆளுக்கு ஒரு கசேரி. பிடிச்ச பிடிய விடப்பிடாது."

அத்தான் பிடித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் பெங்களூர்ப் பக்கத்துக்காரர் மாதிரி இருந்தார். மனைவியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நாற்காலி முதுகில் இரண்டு கை விழுந்ததும் திரும்பிப் பார்த்தார். அத்தான் மரியாதையாகத் தலையசைத்தார். அவர் மேஜையில் இருந்த போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார். மறுபடியும் திரும்பினார்.

"கண்டின்யூ, கண்டின்யூ," என்றார் அத்தான்.

அந்த அம்மாள் ஆங்கிலத்தில், உங்களுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

"நோ, நோ. ஒன்லி சேர்."

பாதித் தட்டோடு அவர்கள் எழுந்துவிட்டார்கள். எங்கள் ஊர் மண்டபத்தில் இப்படி யாரும் எழுந்ததே இல்லை. அத்தானுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பாயசம் குடிக்காம போறாவளே," என்று வருத்தப்பட்டபடி உட்கார்ந்தார். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

ஜன்னல் ஓரத்தில் அக்கா ஒரு பெரியவரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஐஸ்கிரீமை அணு அணுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிறிஸ்டல் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தாள். இருவரும் ஐஸ்கிரீமைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்டிருந்தது. தண்டவாளத்தில் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆளே இல்லாத வண்டி. சோதனை ஓட்டம்.

பெரியவர் எழுந்தார். நாற்காலி காலி. காலையிலிருந்து வெறும் தண்ணீர் குடித்த ஒருத்திக்கு, இடம் கிடைத்துவிட்டது.

"எலே, இங்க வா," என்றாள் அக்கா. போனேன். "இதப் பிடி."

பிடித்தேன். கிறிஸ்டல் தன் நாற்காலியையும் என் இன்னொரு கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் கூட்டத்துக்குள் புகுந்து, வாசல் வழியாகப் போய்விட்டார்கள். ஷூ போட்டவள் முன்னால் போனாள்.

காலியான இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில், ஆளுக்கொரு கை கொடுத்தபடி, கல்யாண போட்டோவில் நிற்கிற தாய்மாமன் மாதிரி நின்றேன்.

அத்தான் நிறைந்த தட்டோடு வந்தார். "டீச்சர் எங்க?"

"வருவா."

பொய் இல்லை. எப்போது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷம் செய்தி எழுதியவனுக்கு இது கூடத் தெரியாதா?

"நேரம் கழியுதே மக்கா. ரெண்டரைக்கு அடைச்சிருவான்." தட்டை வைத்துவிட்டு, தட்டு கொடுக்கிற மேஜைக்கு ஓடினார். மனைவிக்காக ஒரு தட்டு கேட்டார். பட்டை கட்டிய கை நேரில் வர வேண்டும் என்றாள் அந்தப் பெண். அவளோடு வாதாடினார். தோற்றார். போகிற வழியில் பாயசக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே நின்ற பணியாளிடம் கேட்டார். "போளி எவிடே?"

"போளி இல்லா சாரே. கேக் உண்டு."

"கேக்கப் பாயசத்துல முக்கித் தின்னணுமா?"

வில்சன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். வாய் நிறைய இருந்ததால் பேச முடியாமல், கரண்டியால் ஜன்னலைக் காட்டினான். விழுங்கிவிட்டுச் சொன்னான். "சாரே, அங்க பாருங்க. முன்னால உக்காந்திருக்கது நம்ம டீச்சரில்லா?"

மஞ்சள் சுரிதார். முதல் வரிசை. பக்கத்தில் கிறிஸ்டல்.

வண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறுகிற வேகத்தில் ஒரு பேட்டி எடுத்துவிடலாம். அத்தான் பாயசக் கிண்ணத்தோடு கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். நாங்களும் போனோம். நாற்காலிகள் இரண்டையும் அந்தக் கணமே யாரோ பிடித்துவிட்டார்கள்.

"மூக்குக்கண்ணாடியக் கழத்தியிருப்பாளா?" என்றார் அத்தான்.

"கழத்தாம ஏத்த மாட்டான் சாரே."

"கழத்துனா அவளுக்கு ஒண்ணும் தெரியாதே. இவ்வளவு செலவாக்கிப் போயிட்டு..."

சுவரில் படிந்த மூச்சை உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். செலவை நினைத்தா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வண்டி உச்சிக்கு வந்தது. ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு விழுந்தது.

கத்தல் ஹாலுக்குள் வரை கேட்டது. அக்கா கம்பியைப் பிடிக்கவில்லை, வலது கையை மட்டும் போர்டில் எழுதுகிற உயரத்தில் தூக்கி வைத்திருந்தாள் என்று வில்சன் இன்றுவரை சொல்கிறான். அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரிந்தது மஞ்சள் நிறம் மட்டும்தான். எனவே அதை வில்சன் பெயரிலேயே போடுகிறேன்.

மணி இரண்டரை. பணியாட்கள் மேஜைகளைத் துடைக்கத் தொடங்கினார்கள். ஒருவர் வந்து, அத்தானின் கையில் இருந்த கிண்ணத்தைக் கேட்டார். பாயசம் அப்படியே இருந்தது. அத்தான் கண்ணை வெளியிலிருந்து எடுக்காமல் கொடுத்துவிட்டார்.

இதை நான் பார்த்தேன். இதற்கு வில்சன் சாட்சி தேவையில்லை.

வெளியே போய் வாசலில் நின்றோம். அக்கா தலைமுடி கலைந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்தாள்.

"எப்படி இருந்து?" என்றார் அத்தான்.

"நான் போர்டுல வரைஞ்சதவிட கொஞ்சம் குத்தனை, நேரா கீழ எறங்குது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உச்சிக்கு வந்ததும் ஒடம்புக்கு எடையே இல்ல, கேட்டியளா. புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. செரியாத்தான் எழுதியிருக்கான்."

"பயந்து பேடிச்சியா?"

கிறிஸ்டல் முந்திக்கொண்டாள். "டீச்சரா? என்னக் கண்ண மூடக்கூட விடல்ல சாரே. ‘இப்ப உச்சி வருது, நல்லாப் பாரு, இப்ப எறங்கும்’னு கிளாஸ் எடுத்துட்டே வந்தாவ. நான் ஜெபம் பண்ணணுமா, பாடம் கேக்கணுமா?"

"பாடம் கேட்டியா இல்லியா?" என்றாள் அக்கா.

"பரீட்சை உண்டுன்னு சொல்லல்லியே டீச்சர்."

அக்கா திரும்பி க்யூவைப் பார்த்தாள். மழைக்குப் பயந்து பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. "இன்னொருக்கா போறேன்," என்றாள்.

"அப்பம் சாயா நேரம்?"

"நீங்க போங்க."

அத்தான் போனார். பழம்பொரி, பருப்பு வடை, ஏதோ ஒரு பப்ஸ். அந்த நேரத்தில் அக்கா மறுபடியும் க்யூவில் நின்றிருந்தாள். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா... ஒருவர் பிளானைக் காப்பாற்றினார், ஒருவர் டிக்கெட்டைக் காப்பாற்றினார்.

மாலை ஆறு மணிக்கு ராத்திரி ஸ்லாட் தொடங்கியது. அத்தான் ஹால் வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து நெய்ச்சோறு வாசனை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெல்ட்டில் துளை தீர்ந்துபோயிருந்தது. கிறிஸ்டல் கைப்பையிலிருந்து மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். அதையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார். வயிற்றில் அதற்கு இடம் வேண்டுமே.

"போலாம்," என்றார் மெல்லிய குரலில்.

"ஒரு வேளை பாக்கி கெடக்கே சாரே. நாலஞ்சு தோசை நஷ்டம் வரும்," என்றான் வில்சன்.

"தோசைன்னு சொல்லாதே வில்சா."

வீடு திரும்புகிற வண்டியில் விவாதம் நடந்தது. பிளான் லாபமா நஷ்டமா? வில்சன் லாபம் என்றான். தின்றவன் அவன். அத்தான் நியாயமாக யோசித்து, மூன்று வேளைக்கு லாபம், ஒரு வேளைக்கு நஷ்டம், ஆகமொத்தம் சமம் என்று தீர்ப்புச் சொன்னார். பின்சீட்டில் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நீங்களும் அடுத்த மாசம் இப்படி ஒரு பார்க்குக்குப் போகலாம். போனில் அந்தக் கடைசி வரியை யாராவது சத்தமாக வாசிக்கலாம். எடுக்கலாமா, வேண்டாமா? நான் பார்த்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டால், நாம் பார்க்குக்குள் இல்லை, ஸ்லாட்டுக்குள் இருக்கிறோம். மேலே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். நாம் உப்புமாவில் இருப்போம். அளவு கிடையாது என்று அவர்கள் எழுதியிருப்பது சோற்றைப் பற்றி மட்டும்தான். ஒரு நாளுக்கு அளவு இருக்கிறது. அதைப் பற்றி பிளானில் ஒரு வரி இல்லை.

ஊர் நெருங்கி, அமரவிளை தாண்டும்போது அக்கா கண் திறந்தாள்.

"வில்சா, ஒரு தட்டுக்கடை பாத்து நிறுத்து. பசிக்குது."

அத்தான் முன்சீட்டிலிருந்து மெதுவாகத் திரும்பினார்.

"பசியா? காலையிலருந்து நீ..."

முடிக்கவில்லை. யோசிக்கத் தொடங்கிவிட்டார். காலையில் இடம் பார்த்துக்கொண்டது யார்? மதியம் ஜன்னல் ஓரம் நின்றது யார்? சாயா நேரத்தில்?

ரோட்டோரத்தில் பெட்ரோமாக்ஸ் மாதிரி ஒரு எல்இடி விளக்கு. கல்லில் தோசை. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். கடைக்காரர் அக்காவுக்குத் தட்டை நீட்டினார். தோசை, ரசவடை, சட்னி. அக்கா கையை நீட்டி வாங்கினாள்.

மணிக்கட்டில் காகிதப் பட்டை இன்னும் இருந்தது. விளக்கு நேராக அதன் மேல் அடித்தது. நாலு கட்டம். ஒன்றிலும் துளை இல்லை.

அத்தானும் பார்த்தார்.

"அந்த போர்டுல, வயிறு நெறையச் சாப்பிட்டா ஏறப்பிடாதுன்னு எழுதியிருந்து," என்றாள் அக்கா, தோசையைப் பிய்த்தபடி. "எப்ப கூப்பிடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பின்ன எதுக்கு பிளான் எடுக்கச் சொன்ன?"

"நான் சாப்பிடப் போறேன்னா சொன்னேன்? நீங்க சாப்பிட்டுட்டு இருந்தாத்தானே, நான் அந்த க்யூவுல நிக்க முடியும்."

வில்சன் சாயாவைத் துப்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டான். கிறிஸ்டல் ரோட்டைப் பார்த்தாள்.

அத்தான் கொஞ்ச நேரம் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. தோசைக் கணக்கு ஓடுகிறது என்று நினைத்தேன். பாதியில் நின்றுவிட்டது. கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"டீச்சருக்கு இன்னும் ரெண்டு தோசை. சூடா."

இரண்டு வந்தது. பிறகு இன்னும் இரண்டு வந்தது.

அந்தக் கடையில் சாப்பிட்டு முடித்த பிறகுதான் காசு வாங்குகிறார்கள்.